இடது விலாவுக்குக் கீழே

டாக்டர் சௌந்தரபாண்டியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி அகமது கபீரின் வயிற்றில் கை வைத்தார். இடது விலாவுக்குக் கீழே நான்கு விரலையும் சேர்த்து அழுத்தி, "மூச்ச இழுப்பா... இன்னும் நல்லா இழு... விடு" என்றார். கபீர் இழுக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. கட்டிலைச் சுற்றி அவனுடைய மாமனார் சேக் முகைதீன், மாமியார் சம்சாத் பேகம், ஏழு மாத வயிற்றோடு பெண்டாட்டி ஆரிபா எல்லாரும் நின்றார்கள். தகவல் கேட்டு ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து, முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் ஓடிவந்திருந்த அக்கா நூர்பானு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாருடைய கண்ணும் அந்த விரல்களின் மேலேயே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த விரல்களுக்கு அப்படி ஒரு பேர். மலேரியாவா இல்லையா என்று சொல்ல அவருக்கு ரத்தம் குத்தி எடுக்கவேண்டியதில்லை, விலாவுக்குக் கீழே தொட்டாலே காய்ச்சல்கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார், சொன்னால் தப்பாது என்பது ஊர்ப்பேச்சு.

"கட்டி இல்ல" என்று கண்ணைத் திறந்தார். "சேக்கு பாய், பயப்படாதீங்க. ஒரிசாவுக்குப் போய்ட்டு வந்திருக்கான்னு சொன்னதும் நானும் மலேரியான்னுதான் நெனச்சேன். அதுவா இருந்தா இந்நேரம் மண்ணீரல் வீங்கிக் கையில தட்டணும். ஒண்ணுமே தட்டல. இது டைபாய்டுதான். நேத்துப் போட்ட ஊசியவே இன்னைக்கும் போடுவோம்."

சேக் முகைதீன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அல்லா காப்பாத்துனான்" என்று சம்சாத் பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நூர்பானுவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. தட்டாதுதான்! எப்படித் தட்டும்? இருந்தால்தானே தட்டும்!

கபீருக்கு மண்ணீரல் கிடையாது. எண்பத்து நாலாம் வருஷம் மாங்காய்ச் சீசனில் செண்பகத்தோப்புப் பக்கம் காய் பறிக்கப் போனவன், கிளை முறிந்து கல்லுக்கட்டின் மேல் விழுந்தான். விழுந்தவன் எழுந்து, சிரித்து, டீ கூடக் குடித்தானாம். செத்த நேரத்தில் முகம் வெளுத்துச் சாய்ந்துவிட்டான். மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தபோது, மண்ணீரல் மிதிபட்ட தக்காளி மாதிரி நசுங்கிக் கிடந்தது. உயிர் பிழைக்கவேண்டுமானால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். நூர்பானுவின் புருஷன் அபுபக்கர்தான் கையெழுத்துப் போட்டார். அத்தாவும் அம்மாவும் அதற்கு ரொம்ப முன்னாலேயே மௌத்தாகியிருந்தார்கள். தம்பி என்று பேரே ஒழிய, அவன் நூர்பானு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

தையல் பிரித்த அன்றைக்கு ஒரு பயிற்சி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். மண்ணீரல் இல்லாமலே ஓடலாம், வேலை பார்க்கலாம், கல்யாணம் கட்டலாம், கிழவனாகிற மட்டும் இருக்கலாம். ஆனால் காய்ச்சல் என்று வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் இதைத்தான் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். தம்பிக்கும் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். நூர்பானு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு வெளியே வந்து, "குடல் கிழிஞ்சு தச்சிருக்குன்னு சொல்லிருவோம். அவங்கிட்டயும் அதையே சொல்லுவோம். உறுப்பு இல்லாதவன்னு ஊருக்குள்ள பேரு வந்துட்டா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள் புருஷனிடம். அபுபக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் வாயெடுத்து நூர்பானு பேசவிட்டதாகச் சரித்திரமே கிடையாது. மறுவருஷம் அவரும் சவூதிக்கு லாரி ஓட்டப் போய்விட்டார்.

அவளைச் சும்மா சொல்லக்கூடாது, மறைத்ததோடு விட்டுவிடவும் இல்லை. கபீருக்கு உடம்பு லேசாகச் சுட்டால் போதும், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் டாக்டர் வில்சனிடம் போய்விடுவாள். அவனை வெளிப்பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முதலில் தான் மட்டும் உள்ளே போய், டாக்டர் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, பிறகுதான் அவனைக் கூப்பிடுவாள். "ஒங்கக்காவுக்கு ஒங்க உடம்புல அம்புட்டு அக்கறை தம்பி" என்பார் டாக்டர் வில்சன், ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு. "அவன்கிட்டச் சொல்லிருங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் அவளிடம் சொல்லவும் செய்வார். சொல்லுதேன் சொல்லுதேன் என்று சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. கபீருக்கோ அக்கா அப்படித்தான், சும்மா பயந்து சாவாள் என்கிற நினைப்பு. வளர்ந்து ஆளாகி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களிடம் சரக்குப் பிடித்து வடக்கே ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போனான். ரயிலேறும்போதெல்லாம், "காய்ச்சல்னா எங்கிட்ட வந்துரணும், வேற எங்கயும் நிக்கக்கூடாது" என்று அவனை அனுப்புவாள். இந்தத் தடவை ஒரிசாவிலிருந்து திரும்பியவன், பிள்ளைத்தாய்ச்சியான பெண்டாட்டியை முதலில் பார்த்துவிடுவோம் என்று நேரே மாமனார் வீட்டில் வந்து இறங்கிவிட்டான். இறங்கின இடத்திலேயே காய்ச்சல் அவனைக் கிடத்திவிட்டது. கொண்டவனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்தது ஒரு குற்றமா? நூர்பானுவால் அதைக்கூடத் திட்டமுடியவில்லை.

இப்போது சொல்லவேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சேக் முகைதீன் சந்தைப்பக்கம் ஆணி, கொண்டி, பெயிண்டு விற்கிற கடை வைத்திருக்கிறவர், ஒரு பேச்சுப் பேசினால் மாறாதவர். அவருடைய மூத்த மகளை வலிப்பு நோய்க்காரனுக்கு மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். கல்யாணமான மறுமாசமே அவன் சோற்றுத்தட்டின் மேலேயே விழுந்து இழுத்ததைப் பார்த்தவள் பயந்து தாய்வீட்டுக்கு வந்தாள், வந்தவள்தான், அடுப்படியிலேயே அவள் காலம் ஓடுகிறது. வலிப்பு வந்ததற்கு நான் கோபப்படவில்லை, அது அல்லா கொடுத்தது, மறைத்தார்களே அதைத்தான் மன்னிக்கமாட்டேன் என்பார். ஆரிபாவைப் பேசி முடித்தபோது ஜமாத்துப் பெரியவர்கள் முன்னால் நூர்பானுவைப் பார்த்து நேராகவே கேட்டார். "ஏம்மா, வயித்துல தழும்பு இருக்குன்னாங்க. எது இருந்தாலும் இப்பச் சொல்லிரு. தெரிஞ்சே குடுத்தாலும் குடுப்பேன். பொறவு தெரிஞ்சதுன்னா பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கோ." தெரிஞ்சே கொடுப்பேன் என்றாரே, அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நூர்பானுவுக்கு அது கொக்கி போட்டுப் பார்க்கிற பேச்சாகப் பட்டது. "குடல் தச்ச தழும்பு மாமா. வேற ஒரு குறையும் இல்ல, அல்லா அறிய" என்று சொல்லிவிட்டாள். அல்லாவையும் சேர்த்து இழுத்துவிட்டாளே, இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வாள்?

"டாக்டரய்யா, எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துட்டா..." என்று இழுத்தாள்.

"டைபாய்டுக்கு எடுத்து அனுப்பியாச்சும்மா. நாளைக்கு வந்துரும்" என்று அவர் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தார். நூர்பானு பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். ஆனால் டாக்டரின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சேக் முகைதீன் அவர் கூடவே நடந்தார். மருமகனுக்குப் பார்க்கிற டாக்டர் பெட்டியைத் தானே தூக்கிவந்து மோட்டார்சைக்கிளில் மாட்டிவிடுகிற அளவுக்கு மனுஷனுக்குப் பிரியம். வண்டி கிளம்பிப் போனது. அவள் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே வந்தால் கபீருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று போர்வைக்கு மேல் ஆரிபாவின் புர்காவையும் போட்டு அமுக்கியிருந்தார்கள். கண்வெள்ளை மஞ்சளாகிக் கிடந்தது. "அக்கா, குளிருதுக்கா" என்று பல் கிட்டிக்கப் பேசினான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் அவள் வயிற்றோடு ஒண்டிக்கொண்டு கிடப்பான். ஆரிபா அவளை ஓரமாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், "மைனி, ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி கணக்கா வருது. டாக்டர்ட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. டைபாய்டுன்னா அப்படி வருமா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நூர்பானுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வரும் வரும், நீ செத்த ஒக்காரு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காதோடு காதாகச் சொல்கிற வழி. மருந்து வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் சௌந்தரபாண்டியனுடைய ஆஸ்பத்திரிக்கு விறுவிறுவென்று நடந்தாள். தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டால் அவர் மருந்தை மாற்றிவிடுவார். வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று காலைப் பிடித்தாவது கேட்டுக்கொள்ளலாம். போனால் அங்கே ஊசி போடுகிற ஏசம்மாள் மட்டும் இருந்தாள். "டாக்டர் மகாராஜபுரம் பக்கம் ஒரு கேஸ் பாக்கப் போயிருக்காக. மத்தியானம் ஆயிரும். ஒக்காருங்க" என்றாள். நூர்பானு உட்கார்ந்தாள். பெஞ்சில் அவளோடு சிரங்குப் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தியும், கையில் கட்டுப் போட்ட ஒரு மில் தொழிலாளியும் இருந்தார்கள். அவர் வந்ததும் சொல்லிவிடலாம், அதுவரைக்கும் ஊசி தாங்கும், டைபாய்டாகக்கூட இருக்கலாம், பெரிய டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு ஒன்று மாற்றி ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஏசம்மாளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நாலு பேரிடம் சொல்லிவிடுவாளோ என்று அதற்கும் பயம். கேடுகெட்ட பயம்! தம்பி உயிர் அங்கே ஊசலாடுகிறது, இவள் இங்கே ஊர் வாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஆரிபாவின் அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். "மைனி, வாங்க, வாங்க, அவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சொல்லும்போதே அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

நூர்பானு போய்ச் சேர்ந்தபோது கபீரின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கண் மேலே செருகி, வாயோரம் நுரை. ஆரிபா அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். இழுப்பு மெல்ல அடங்கியது. அவன் மூச்சு மட்டும் கொர் கொர்ரென்று வந்தது. மூத்தவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேக் முகைதீன் அவளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பிறகு நூர்பானுவைப் பார்த்தார்.

"இவனுக்கும் வலிப்பா?" என்றார். குரல் உயரவில்லை. "சொல்லு நூர்பானு. இதுவும் மறைச்சதுதானா?"

"படுபாவி, ஒரு பொண்ணு வாழ்க்கை போனது பத்தாதுன்னு ரெண்டாவதையும் இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்று சம்சாத் பேகம் மாரில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி ஆரிபா, எந்திரிடி. எந்திரிச்சு இங்கிட்டு வா."

ஆரிபா எந்திரிக்கவில்லை. நூர்பானுவின் வாயையே பார்த்தாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். வலிப்பு இல்லை என்பது உண்மைதானே! அல்லா சத்தியமாக வலிப்பு கிடையாது என்று அடித்துச் சொன்னால், இது காய்ச்சல் முற்றி வந்த இழுப்பு என்று அவர்களும் நம்பிவிடுவார்கள். அவள் மறைத்தது மறைத்தபடி இருக்கும். தம்பியும் அப்படியே போய்ச்சேர்வான். அந்தக் கடைசி வார்த்தை மனசுக்குள் வந்ததும் நூர்பானு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வலிப்பு இல்ல மாமா. மறைச்சது வேற" என்றாள். "அவனுக்கு மண்ணீரலே கிடையாது. மரத்துலருந்து விழுந்தப்பவே எடுத்துட்டாங்க. குடல் தச்சதுன்னு நாந்தான் பொய் சொன்னேன். அவனுக்கே தெரியாது, அவன் மேல ஒரு தப்பும் இல்ல. டாக்டர் தேடுன கட்டி அதனாலதான் தட்டல. இது மலேரியாவாத்தான் இருக்கும். அவனப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க மாமா, பொறவு என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இன்னும் செத்த நேரம் போனா அவன் நமக்கு இல்ல."

அடிப்பார் என்றுதான் நினைத்தாள். சேக் முகைதீன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். அந்த வயதில், அந்தத் தொந்தியோடு, பஜார் வழியாக அவர் ஓடியதை அன்றைக்குப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். டாக்ஸியோடு வந்தார். கபீரை அவரே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் கிடத்தினார். ஆரிபாவும் கூட ஏறினாள். நூர்பானுவை ஏறச்சொல்லவும் இல்லை, இறங்கச்சொல்லவும் இல்லை. அவள் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள்.

ஊருக்குள்ளேயே ரத்தம் பார்க்கிற வசதியுள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு முதலில் போனார்கள். லேபில் தேவகிருபை என்கிற பெண் கபீரின் விரலைக் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை இழுகி, சாயம் ஊற்றிக் காயவைத்தாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் உடனே நிமிர்ந்து, "சார், சீக்கிரம் வாங்க" என்று அங்கிருந்த டாக்டரைக் கூப்பிட்டாள். அதற்குள் ஏசம்மாள் ஆளனுப்பிச் சொல்லி டாக்டர் சௌந்தரபாண்டியனும் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார். அவரும் குனிந்து பார்த்தார், மலேரியாவேதான். நூர்பானு சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, கபீரின் கையில் குளுகோஸோடு கொய்னா மருந்து ஏறுவதற்கு வழிசெய்தார். மதுரைக்கு டிரங்கால் போட்டுப் பேசினார். எல்லாம் முடித்த பிறகுதான் அவளிடம் திரும்பினார்.

"தழும்பப் பாத்துக் கேட்டேனே, குடல்னுல்ல சொன்னாங்க" என்றார். "என் விரல் பொய் சொல்லலம்மா. அங்க கட்டி இல்ல, அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். ஏன் இல்லேங்கிறத நீயில்ல சொல்லணும்?" கோபப்படத்தான் வந்தார்; அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

ஆரிபாதான் கேட்டாள். "அது இல்லாட்டி என்ன டாக்டர்? காய்ச்சலுக்கும் அதுக்கும் என்ன?"

டாக்டர் அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வயிறு இடிக்க, பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். வெளிர் சிவப்பில் வட்டம் வட்டமாக ஏகப்பட்டது தெரிகிறது என்றாள். சில வட்டத்துக்குள் குட்டி மோதிரம் மாதிரி நீலமாக இருக்கிறது என்றாள்.

"அந்த மோதிரந்தான் கிருமி. ரத்த அணுவுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடும். வெளியே இருந்து பாத்தா அது நம்ம அணுதான், நம்ம உடம்புதான். அதனால உடம்பு அத சட்டுனு சந்தேகப்படாது. ஆனா உள்ள போன கிருமி சும்மா இருக்காதும்மா. அணுவோட தோல வெறைக்க வச்சிரும், தோலுக்கு மேல முண்டு முண்டாத் தன்னோட சாமானக் கொண்டாந்து வைக்கும். அந்த முண்ட வச்சு ரத்தக்குழா ஓரமாப் போயி ஒட்டிக்கிடப் பாக்கும். ஏன்னு கேளு. மண்ணீரல் பக்கம் போனா மாட்டிக்கிடும்னு அதுக்குப் பயம்." அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்துக் காட்டினார். "மண்ணீரலுக்குள்ள இத்தினிக்கூண்டு இடுக்குதான். ஒவ்வொரு அணுவும் அதுல நெளிஞ்சு நுழைஞ்சுதான் வெளிய வரணும். முருங்கைக்கா வாங்கும்போது முறுக்கிப் பாக்கீங்கள்ல, அந்த மாதிரி. நல்லது வளைஞ்சு குடுத்துப் போயிரும். கிருமி இருக்கிறது வெறைச்சுக்கிட்டு நிக்கும். அங்க காவலுக்கு இருக்கிற அணுக்கள் அந்த வெறைப்பயும், மேல இருக்கிற அந்நியச் சாமானையும் கண்டுபிடிச்சு, பிடிச்சுத் தின்னுரும். கூடுதலா வேலை பாக்கிறதனாலதான் வீங்கும். அந்த வீக்கத்தத்தான் காய்ச்சல்கட்டிங்கிறோம். உடம்புல மத்தக் காவலும் இருக்கு, இல்லேங்கல. ஆனா முறுக்கிப் பாக்கிற இடம் இவனுக்கு இல்ல. எல்லாக் கள்ளனும் ஊர் பூரா சுத்திச் சுத்தி வந்துட்டான்."

"இப்ப மருந்து குடுத்தா?" என்றாள் ஆரிபா.

"மருந்து கிருமியக் கொல்லும். கொன்னாலும் சுத்தம் பண்ண ஆளு கம்மி, கொஞ்சம் நாளாகும். மதுரைக்குப் போங்க. நான் சொல்லியிருக்கேன்."

மதுரை போகிற வழியெல்லாம் குளுகோஸ் பாட்டிலைச் சேக் முகைதீன் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். கை மாற்றிக்கொள்ளட்டுமா என்று டிரைவர் வண்டியை நிறுத்திக் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கபீரை ஆண்கள் வார்டில் சேர்த்து, மஞ்சள்காமாலையும் சேர்ந்திருக்கிறது, கிட்னியையும் பார்க்கவேண்டும், இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அங்கேயுள்ள டாக்டர்கள் சொன்ன பிறகு, சேக் முகைதீன் வராந்தாவில் நூர்பானுவின் எதிரே வந்து நின்றார்.

"பிழைச்சு வரட்டும். பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். "நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? தெரிஞ்சே குடுக்கேன்னுதான சொன்னேன்? குடுத்திருப்பேன்மா." கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதை அவள் பார்த்துவிடக்கூடாது என்று திரும்பிக்கொண்டார். "ஆனா இனிமே என் வீட்டு வாசப்படியில நீ கால் வைக்காத."

சரி மாமா என்றாள். குடுத்திருப்பேன் என்று அவர் சொன்னதுதான் வாசப்படியை மிதிக்காதே என்றதைவிட அவளை வதைத்தது. இத்தனை வருஷமும் தம்பிக்காகத்தான் பொய்யைக் கட்டிக் காத்தோம் என்று நினைத்திருந்தாள். இன்னொரு ஆளும் தம்பியைத் தன்னளவுக்கு நேசிப்பான் என்று நம்பாததுதான் அந்தப் பொய் என்று இப்போது தோன்றியது. தோன்றி என்ன செய்ய!

வார்டுக்குள் ஒரு ஆளைத்தான் விட்டார்கள். ஆரிபா போனாள். அத்தனை வயிற்றோடு ஏனம்மா என்று நர்ஸ் தடுத்தும் கேட்கவில்லை, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. நூர்பானு கஞ்சியைப் பிளாஸ்கில் வாங்கிவந்து கதவருகே நின்றாள். ஆரிபா எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. போகத் திரும்பியவள் நின்று, "எடுத்ததுக்குப் பேரு என்ன சொன்னீங்க மைனி? இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள்.

"மண்ணீரல்."

"மண்ணீரல்" என்று ஆரிபா ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வார்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. டூட்டி மாறி ஒரு புது டாக்டர் வந்தார். அவர் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, "சார், எங்க வீட்டுக்காரருக்கு மண்ணீரல் கிடையாது" என்றாள். எழுதியிருக்கிறதும்மா என்றார் அவர். "எழுதியிருந்தாலும் நான் சொல்லணும் சார்" என்றாள். ஊசி போட வந்த நர்சிடம் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்களிடம் சொன்னாள். புகுந்த வீட்டில் ஏறிட்டுப் பார்த்துப் பேசாத பிள்ளை, முக்கால்வாசி நேரம் முக்காட்டுக்குள்ளேயே முகத்தை வைத்திருக்கிற பிள்ளை, ஆண்கள் நிறைந்த அந்த வார்டில் ஒவ்வொருத்தரிடமும் முந்தினதைவிடச் சத்தமாகச் சொன்னாள். நூர்பானு வராந்தாவில் நின்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மேலெல்லாம் கூசியது. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியும் பொத்தவில்லை.

வாளியும் விளக்குமாறுமாக வயதான ஒரு பெண் தரை துடைக்க வந்தாள். கட்டிலுக்கு அடியில் அவள் குனிந்தபோது ஆரிபா அவளையும் விடவில்லை.

"ஆச்சி, எங்க வீட்டுக்காரருக்கு மண்ணீரல் கிடையாது. கீழ விழுந்தப்ப எடுத்துட்டாங்க."

"அப்படியாம்மா? பாவமே" என்று அந்தப் பெண் வாளியை நகர்த்திவைத்துவிட்டுத் தரையைத் துடைத்தாள்.

கதவிடுக்கு வழியாக நூர்பானு எட்டிப் பார்த்தாள். கபீர் கண்ணைத் திறந்திருந்தான். எப்போது திறந்தான் என்று தெரியவில்லை. மஞ்சளேறிய கண்ணால் பெண்டாட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போர்வைக்குள் அவன் கை மெல்ல அசைந்து வயிற்றின் மேல் ஏறி, ஓரிடத்தில் நின்று, விரல்கள் அங்கே எதையோ தேடின. அப்புறம் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தான். நூர்பானு கதவைவிட்டு நகரவில்லை.